நாலாம் தரம் வாங்கிய துவக்கு

சொலிசிற்றர் அலுவலகத்தில் ரைப் அடிப்பது என்பது, பிறத்தியாருக்கு நடந்த அநியாயத்தை எழுத்துப்பிழை இல்லாமல் மூன்று பிரதி எடுக்கிற தொழில்.

அப்படி நான் பிரதி எடுத்த அநியாயங்களுக்குள் பெரியது பரமலிங்கம் அண்ணைக்கு நடந்தது. வேண்டாம் என்று மூன்று தரம் சொன்ன மனிசனிடம் நாலாம் தரமும் ஒரு பழைய கைத்துவக்கைக் கொடுத்தனுப்பி, அவர் அதை வாங்கி அரை மணித்தியாலம் ஆகமுதல், அதே துவக்குக்காகப் பொலிஸ் வந்து அவரைப் பிடித்தது. கொடுத்தனுப்பியதும் பொலிஸ்தான். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தார் என்று கீழ்க்கோர்ட்டில் மூன்று மாத மறியல் தண்டனை விதித்தார்கள். மேன்முறையீட்டுக்காக அவர் எங்கள் படியேறி வந்தது போன வருஷம்.

மேலாளரின் கடிதத்தைத் திருத்தக் கை துறுதுறுத்தும், வாயை மூடிக்கொண்டு அழிறப்பரோடு உட்கார்ந்திருக்கிற என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் தொடங்கினேன். யாருக்கெல்லாம் நன்றி சொல்லவேண்டும் என்று எண்ணிப் பார்த்தால், அதற்குள் ஒரு பொலிஸ்காரனும் வந்து நிற்கிறான். அது எனக்கு இன்னும் செமிக்கவில்லை.

காபன் கொப்பி

நான் அப்போது சட்டம் மூன்றாம் வருஷம். கிழமையில் இரண்டு நாள், மெல்பேர்ணின் மேற்குப் பக்கத்தில் ஒரு மீன்கடைக்கு மேல்மாடியில் இருந்த மிஸ்டர் ஹார்வுட்டின் அலுவலகத்தில் வேலை. ஹார்வுட் மெலிந்த, மெதுவாகப் பேசுகிற சொலிசிற்றர்; கோர்ட்டில் பேசாமல் கடிதமும் பத்திரமும் தயாரிக்கிற வக்கீல். அலுவலகத்தை உண்மையில் நடத்தியது தலைமை ரைப்பிஸ்ற் டொறீன். எல்லாரையும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவாள். முதல் நாள் என்னையும் அப்படிக் கூப்பிட்டபோது திடுக்கிட்டுப் போனேன். மீன்கடைக்காரனையும், வரி அலுவலகத்தில் இருந்து வந்தவரையும் அப்படியே கூப்பிட்டதைக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

முதற் கிழமையே பிழை விட்டேன். வாடகைக்கு இருந்த ஓர் இத்தாலியக் குடும்பத்துக்கு வீட்டுக்காரன் சுடுதண்ணீரை நிறுத்திவிட்டான். அதுவும் இந்த நாட்டு ஆடி மாதக் குளிரில். ஹார்வுட் சொல்லித் தந்த வசனம், ‘இதைத் தயவுடன் கவனிக்கும்படி வேண்டுகிறோம்’. நான் அடித்த வசனம், ‘உமக்கு வெட்கமில்லையா என்று அறிய விரும்புகிறோம்’. டொறீன் வாசித்தாள். மெசினில் இருந்து தாளை உருவினாள். நடுவில் இருந்த காபன் தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“கோபம் வரட்டும், லவ். அதற்குக் காபன் கொப்பி மட்டும் எடுக்காதே.”

மூன்று கேள்வி

பரமலிங்கம் அண்ணை கார் தொழிற்சாலை ஒன்றில் மெசின் பொருத்துகிற பிற்றர். சனி ஞாயிறில் வீட்டுக் கராஜில் இருந்து ஊர்ச்சனத்தின் தையல் மெசின், ரேடியோ, மணிக்கூடு எல்லாம் திருத்திக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார், கறிவேப்பிலை வாங்குவார். மெல்பேர்ணில் கறிவேப்பிலை வைத்திருக்கிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஹார்வுட்டின் மேசைக்கு முன்னால் இருந்து, நடந்ததை எங்களுக்குச் சொன்னார்:

“கெவின் எண்டு ஒருத்தன், என்ர ஷிஃப்ற்தான். ஞாயிற்றுக்கிழமையில வருவான். என்ர குசினியில கதிரையைப் போட்டு இருந்து சோறும் பருப்பும் திண்டவன், தங்கச்சி. ஒருநாள் ஒரு கைத்துவக்கைக் கொண்டந்து குண்டு போடுற உருளை இறுகிப்போச்சு, திருத்தித் தா எண்டான். மாட்டன் எண்டன். திரும்ப வந்தான். மாட்டன் எண்டன். மூண்டாம் தரமும் மாட்டன் எண்டன்.”

“பிறகு ஏன் அண்ணை நாலாம் தரம் வாங்கினியள்?” என்று பாய்ந்தேன். கட்சிக்காரரிடம் அப்படிப் பாயக்கூடாது. ஹார்வுட் தொண்டையைச் செருமினார்.

“தகப்பன் சாகக் கிடக்கிறார் எண்டான். அது தகப்பன்ர துவக்காம். கண்ணை மூடமுதல் அந்த உருளை சுத்துறதை ஒருக்காப் பாக்க ஆசைப்படுறாராம். தகப்பனைச் சொல்லி ஆரும் பொய் சொல்லுவினமே?” பெருவிரலால் காற்றில் எதையோ மெதுவாகச் சுழற்றினார். “அதோட, இறுகின சாமான் ஒண்டு கையில வந்தா, எனக்கு இறுகினபடி வைக்க ஏலாது.”

கெவின் வேறொரு களவில் மாட்டுப்பட்டவன். தன் தலை தப்ப, யாரையாவது பிடித்துக் கொடுப்பதாகப் பொலிசுக்குச் சொல்லியிருந்தான். அண்ணைக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியும். கீழ்க்கோர்ட்டில் அவருக்கு வக்கீல் இல்லை. இது உன்னிடம் இருந்ததா? ஓம் சேர். துவக்கு என்று தெரியுமா? ஓம் சேர். அனுமதிப்பத்திரம் உண்டா? இல்லை சேர். பத்து நிமிடத்தில் முடிந்தது.

மறியலுக்கு அவர் பயப்படவில்லை. மனைவியும் எட்டு வயது மகளும் யாழ்ப்பாணத்தில். அவர்களைக் கூப்பிடும் விண்ணப்பம் குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. மறியல் தீர்ப்பு அந்தப் பைலுக்குள் போனால் அவ்வளவுதான். “பிறகு மகளைப் படத்திலதான் பாப்பன்” என்றார். அதை நான் எழுதிக்கொண்டிருந்தபோது, தான் பொய் சொல்லித் தப்பப் பார்ப்பதாக நினைத்துவிடுவேனோ என்று மேசைக்கு மேலாகக் குனிந்து சொன்னார்:

“ஓம் எண்டு நான் சொன்னது உண்மைதான், தங்கச்சி. ஆனா அவையள் கேள்வியை அதோட நிப்பாட்டிப்போட்டினம்.”

எந்தப் பக்கம்?

வழக்குப் பேச ஹார்வுட் பிடித்தவர் மிஸ்டர் லோகன் என்ற பரிஸ்டர். பெரிய உடம்பு, மேசை நிறையப் புத்தகம், புத்தகங்களுக்கு நடுவில் முட்டை சான்ட்விச். நான் நூலகத்தில் இருந்து எழுதிய ஆறு பக்கங்களோடு போனேன். ‘பொறி வைத்துப் பிடித்தல்’ என்று தலைப்பும் போட்டு, அதற்குக் கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தேன். குற்றம் செய்யும் எண்ணமே இல்லாதவனுக்குள் அரசாங்கமே அந்த எண்ணத்தைப் புகுத்தினால் அவன் குற்றவாளி இல்லை என்று அமெரிக்காவில் சட்டம் இருக்கிறது. அதை இங்கேயும் கேட்போம் என்றேன்.

“இங்கே அப்படி ஓர் எதிர்வாதம் இல்லை” என்றார்.

“ஏன் இல்லை?”

“இல்லாததால் இல்லை. குற்றத்தைச் செய்தாரா, செய்தார். யார் தூண்டினார்கள் என்பது தண்டனையைக் குறைக்கலாம். பொலிஸ் மிகவும் கேவலமாக நடந்திருந்தால், அப்படிப் பெற்ற சாட்சியத்தைப் பார்க்கமாட்டேன் என்று நீதிபதி சொல்லலாம். சொல்லலாம், அவ்வளவுதான். சொல்லியே ஆகவேண்டும் என்று இல்லை.”

“அப்படியானால் அது நீதியில்லையே, தயவுதானே! நீதிபதிக்கு அன்றைக்குக் காலைச் சாப்பாடு சரியில்லை என்றால் ஒரு பிள்ளை தகப்பனைக் காணாமல் வளரவேண்டுமா?” என்று தொடங்கி, அரைமணித்தியாலம் விடாமல் பேசினேன். மனிசன் என்னை இடைமறிக்கவில்லை. ஆறு பக்கத்தையும் வாசித்தார், ஓரத்தில் பென்சிலால் இரண்டு இடத்தில் சரி போட்டார். பல்கலைக்கழகத்தில் எந்த விரிவுரையாளரும் என்னை அவ்வளவு நேரம் பேசவிட்டதில்லை. அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி. ஆனால் முடிவில் தாள்களை அடுக்கித் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்:

“நீங்கள் சொல்வது எல்லாம் சரி, மிஸ். அதை எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் இருந்து நீதிபதிக்கு வாசித்துக் காட்டுவது என்று மட்டும் சொல்லுங்கள்.”

பச்சை மட்டைக் கொப்பி

வழக்குப் பொருட்களைப் பார்க்க ஹார்வுட்டோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். மேசையில் அண்ணையின் கராஜில் இருந்து எடுத்துவந்த துவக்கு, ஒரு சின்ன எண்ணெய்ப் போத்தல், பச்சை மட்டை போட்ட ஓர் அப்பியாசக் கொப்பி. கொப்பியில் கட்டியிருந்த துண்டில், ‘அந்நிய எழுத்து. ஆயுதப் பட்டியலாக இருக்கலாம்’ என்று எழுதியிருந்தது. திறந்தேன். அச்சுப்போன்ற தமிழ்.

‘மிஸஸ் பெனற்றின் தையல் மெசின். வார் அறுந்தது. மாத்திக் குடுத்தது.’ ‘நடராசா ரேடியோ. கரகரப்பு. துடைச்சுக் குடுத்தது.’ பக்கம் பக்கமாக இப்படித்தான். எது வந்தாலும், என்ன பழுது, என்ன செய்தார் என்று கையில் எடுத்த உடனேயே திகதியோடு எழுதிவைப்பது அவர் தொழிற்சாலையில் பழகிய பழக்கம். பிறகு அது வந்தது. ‘கெவின். கைத்துவக்கு. உருளை இறுகினது. மாட்டன் எண்டு குடுத்தனுப்பினது.’ இரண்டு கிழமை கழித்து மறுபடியும் அதே. மூன்றாவது: ‘கெவின். திரும்பவும் அந்தத் துவக்கு. மாட்டன் எண்டது. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனான்.’ மூன்று தரம் மறுத்ததற்கு அவர்களே பூட்டி வைத்த சாட்சி!

பக்கத்தைத் திருப்பினேன். ‘கெவின். அதே துவக்கு. தகப்பனுக்குக் கடுமையாம். வாங்கினது. எண்ணெய் விட்டது. செய்யக்கூடாத வேலை.’

அலுவலகத்துக்குத் திரும்பி வந்து, மூன்றை மட்டும் மொழிபெயர்ப்போம், நாலாவதைக் கண்டுபிடிப்பது அரசாங்கத்தின் வேலை என்று வாதாடினேன். எழுதவே கூசுகிறது, ஆனால் அப்படித்தான் வாதாடினேன். ஹார்வுட் முதல் தடவையாக என்னைச் சுருக்கென்று பார்த்தார். கொப்பி அவருடையது, அவரையே கேள் என்றார். கேட்டேன். நாலாவதை வாசித்தால் குற்றத்தை உங்கள் கையாலேயே ஒப்புக்கொண்டது மாதிரி, மகளை யோசியுங்கள் என்றும் சொன்னேன். அண்ணை மறுத்துவிட்டார்:

“நான் ஒருத்தற்றை சாமானையும் பாதி திருத்திக் குடுக்கிறேல்லை. நாலையும் வாசியுங்கோ.”

ஒன்றும் பழுதாகாத ஆள்

கொப்பியை நான் மொழிபெயர்க்கமுடியாது. நான் அவருடைய பக்கத்து ஆள். அவரைத் தெரியாத ஒரு தமிழர் வந்து சத்தியம் செய்து வாசிக்கவேண்டும். மெல்பேர்ணில் இருந்த தமிழர்களின் தொலைபேசி எண்கள் என்னிடம் ஒன்றரைப் பக்கத்தில் அடங்கின. டொறீன் பென்சிலோடு பக்கத்தில் இருந்தாள். ஒவ்வொரு அழைப்பும் ஒரே மாதிரித்தான் முடிந்தது. “பரமலிங்கமோ? ஐயோ, தங்கமான மனிசன். என்ர கலர் ரீவியை அவர்தானே…” டொறீன் என் முகத்தைப் பார்த்து அந்தப் பெயரை வெட்டினாள். “ஓம் ஓம், எங்கட கிறைண்டரை…” வெட்டினாள். ஒரு கணக்காளர், தான் உண்மை தவிர வேறொன்றும் பேசாத ஆள் என்றும், ஆனால் பரமலிங்கத்துக்காக ஒரு விதிவிலக்கு வைக்கலாம் என்றும் சொன்னார். அவரை டொறீன் இரண்டு தரம் வெட்டினாள்.

கடைசியில் அகப்பட்டவர் மதுரையில் இருந்து வந்து மூன்றே கிழமையான டொக்டர் வசந்தா. கிழக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. பரமலிங்கம் என்று ஒருவரைத் தெரியுமா என்று பயந்து பயந்து கேட்டேன். தெரியாது என்றார். எனக்குத் துள்ளவேண்டும் போலிருந்தது. வழக்கு நாளில் அவருக்கு வேலை, யாரோடோ மாறிக்கொள்வதாகச் சொன்னார். நாலு குறிப்பையும் அவர் மொழிபெயர்த்துத் தர, வழக்குக்கு ஒரு கிழமை முன்னமே அதைப் பொலிசுக்கும் அனுப்பினோம். முன்பின் தெரியாத ஒருவருக்காக, ஊரின் வீதிகூடப் பழகாத ஒரு பெண் மூன்று ரயில் மாறி வந்தார். அன்றைக்கு நான் நாலாம் தரமும் நன்றி சொன்னபோது அவர் கேட்டது இது:

“எங்க வீட்ல இன்னும் எதுவும் ரிப்பேர் ஆகல, அதனாலதான என்னைக் கூப்பிட்டீங்க?”

கொன்ஸ்டபிளின் தகப்பன்

மேல்கோர்ட்டில் வழக்கைத் தொடக்கத்தில் இருந்து திரும்பக் கேட்டார்கள். முதலில் சார்ஜன்ற் ஏறினார். தகவல் கிடைத்தது, போனோம், எடுத்தோம் என்றார். கெவினை எத்தனை தரம் அனுப்பினீர்கள் என்று லோகன் கேட்டார். அதுபற்றித் தனக்கு ஞாபகம் இல்லை என்று இறங்கிப் போனார். அடுத்தது, அண்ணையைக் கையோடு பிடித்துக்கொண்டு போன இளம் கொன்ஸ்டபிள் றீவ்ஸ். காது சிவந்த, என் வயசுப் பையன். இவனும் அதையேதான் சொல்லப்போகிறான் என்று பின்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“கெவினைப் பரமலிங்கத்திடம் அனுப்பியது யார்?”

“நாங்கள்.”

“எத்தனை தரம்?”

கொன்ஸ்டபிள் சார்ஜன்ற்றைப் பார்க்கவில்லை. தொப்பியைப் பார்த்தான். “நாலு தரம், சேர்.”

“மூன்று தரம் மறுத்த பிறகும்?”

“ஓம், சேர்.”

“தகப்பன் சாகக் கிடக்கிறார் என்பது கெவினுடைய யோசனையா?”

“இல்லை, சேர். கெவினின் தகப்பன் எப்போதோ இறந்துவிட்டார். அதைச் சொல்லச் சொன்னது நான். என் அப்பா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். அதுதான் வாயில் வந்தது.”

அண்ணை குனிந்த தலை நிமிரவில்லை. இடைவேளையில் வராந்தாவில் அந்தப் பையனிடம் போனேன். திட்டவேண்டிய வசனம் மூன்று மாதமாக என்னிடம் தயாராக இருந்தது. அதற்குப் பதிலாக, நன்றி என்ற சொல்தான் வந்தது. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

“எனக்கு நன்றி வேண்டாம், மிஸ். நீங்கள் அனுப்பிய மொழிபெயர்ப்பைப் போன கிழமை வாசித்தேன். தன் பிழையைத் தானே எழுதிவைத்த மனிசன் முன்னால் வேறென்ன சொல்வது?”

வராந்தா

டொக்டர் வசந்தா நாலு குறிப்பையும், தேத்தண்ணி உட்பட, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ‘செய்யக்கூடாத வேலை’ என்ற இடத்தில் நீதிபதி பேனையை வைத்துவிட்டு அண்ணையை நிமிர்ந்து பார்த்தார். லோகன் என் ஆறு பக்கத்தில் இருந்து, பென்சிலால் சரி போட்ட இரண்டு இடத்தையும் சொன்னார். யாருடைய வாதம் என்று சொல்லவில்லை. பரவாயில்லை, என் வசனங்கள் பரிஸ்டரின் வெள்ளை விக்கு வைத்துக்கொண்டு பேசியதைக் கேட்டேன். அதுவே போதும்.

நீதிபதி தீர்ப்பை மெதுவாகச் சொன்னார். “பொறி வைத்துப் பிடித்தல் என்ற எதிர்வாதம் இந்த மாநிலச் சட்டத்தில் இல்லை. அதை உண்டாக்குவது என் வேலையும் இல்லை.” நான் பாதி எழும்பிவிட்டேன். டொறீன் என் கம்பளிக் காடிகனைப் பிடித்து இழுத்து இருத்தினாள். “ஆனால் ஒரு மனிதனின் இரக்கத்தைக் கருவியாக்கிப் பொலிஸ் கொண்டுவந்த சாட்சியத்தை ஏற்கவேண்டும் என்ற கட்டாயமும் எனக்கில்லை. நான் அதை ஏற்கவில்லை. அதை எடுத்துவிட்டால் இங்கே வழக்கு என்று ஒன்றும் மிஞ்சவில்லை. மேன்முறையீடு அனுமதிக்கப்படுகிறது. துவக்கை அழியுங்கள். கொப்பியை அவரிடம் கொடுங்கள்.”

அந்தத் தீர்ப்பைக் குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்பும் கடிதத்தை நான்தான் அடித்தேன். ‘தயவுடன் கவனிக்கும்படி வேண்டுகிறோம்’ என்று ஹார்வுட் சொன்னார். ஒரு சொல் மாற்றவில்லை. போன மாதம் அண்ணையின் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். விமானநிலையத்தில் சூட்கேஸின் பூட்டு இறுகித் திறக்கவில்லை என்றும், மகளைத் தூக்குவதா பூட்டைத் திருத்துவதா என்று மனிசன் ஒரு கணம் திண்டாடினார் என்றும் கேள்வி.

ஆனால் அன்றைக்கு வராந்தாவில் எனக்கு ஆறவில்லை. லோகனை மறித்துப் பிடித்தேன். நீதிபதி தந்தது தயவு, உரிமை அல்ல. அடுத்த பரமலிங்கத்துக்குக் கொப்பி இல்லாவிட்டால்? உண்மை சொல்ல ஒரு றீவ்ஸ் இல்லாவிட்டால்? இதை இன்னும் மேலே கொண்டுபோய்ச் சட்டமாக்க வேண்டாமா? வென்றவர் மேன்முறையீடு செய்யமுடியாது என்று லோகன் சொன்னார். அதுவும் அநியாயம் என்றேன். ஹார்வுட் சிரிப்பை அடக்க யன்னல் பக்கம் திரும்பினார். எங்களுக்கு நடுவில், பச்சை மட்டைக் கொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி நின்ற அண்ணை என் முழங்கையை மெதுவாகத் தொட்டார்.

“தங்கச்சி, நான் வீட்டை போகலாமோ, இல்லாட்டி நீர் வெண்டு முடியுமட்டும் நிக்கவேணுமோ?”

அவர் கேட்டது தமிழில், நான் வாயடைத்து நின்றேன், ஆகவே மூன்று வருஷம் நான் சட்டம் படித்தும் அந்தக் கட்டடத்தில் அன்றைக்குச் சொல்லப்பட்ட மிகச் சரியான தீர்ப்பை, அவர் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வழங்கியது ஒரு சொல் தமிழ் தெரியாத டொறீன்தான்: “போகலாம், லவ். வீட்டுக்குப் போங்கள்.”